பழைய லென்ஸ், நீருக்கடி ஹவுசிங் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

ஒன்றே முக்கால் லட்சம் போய்விட்டது. கை இன்னும் நடுங்குகிறது. காட்டுயிர்ப் படம் எடுக்கும் யாரும் இப்படி ஏமாறக் கூடாது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பழைய கேமரா சாமான்களைத் தனியாட்கள் விற்கிற ஒரு இணையதளம். பெயர் வேண்டாம். ஒருவர் 150-600 மி.மீ. லென்ஸையும், என் கேமராவுக்கே பொருந்துகிற அலுமினிய ஹவுசிங்கையும் (கேமராவை உள்ளே வைத்துத் தண்ணீரில் இறக்கும் பெட்டி) சேர்த்துப் போட்டிருந்தார். கரையில் மான், கடலில் ஆமை என்று இரண்டு பக்கமும் அலைகிறவன் நான். தேடிக்கொண்டிருந்ததே அதுதான்.

அவர் பேசிய விதத்தில்தான் நம்பிக்கை வந்தது. விலை பற்றி அவசரமே காட்டவில்லை. முட்டையிட வரும் ஆமை மேல் ஃபிளாஷ் அடிப்பவர்களைத் திட்டினார். குஞ்சு இருக்கிற கூட்டை நெருங்கக் கூடாது என்றார். மாண்டா திருக்கையைத் துரத்தாதீர்கள், அசையாமல் இருந்தால் அதுவே பக்கத்தில் வரும் என்றார். நான் உயிராக நினைக்கிற விஷயங்கள் இவை. இப்படிப் பேசுகிற மனிதர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அப்புறம் இரண்டு படம் அனுப்பினார். "இரண்டிலும் ஒரே மாண்டாதான், இந்த ஹவுசிங்கில் எடுத்தது, 40 மீட்டர் வரை சோதித்தது" என்றார். அன்று இரவே ஒன்றே முக்கால் லட்சத்தையும் கட்டினேன்.

பொருள் வந்த பிறகு கடலில் 5 மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டேன், லீக் அலாரம் சிவப்பாக மின்னியது. மேலே வருவதற்குள் உப்புத்தண்ணீர் பேட்டரி வரை போய்விட்டது. உப்பு ஏறிய சர்க்யூட் காய்ந்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். கேமராவும் போயிற்று, அது தனிக் கணக்கு. பிரித்துப் பார்த்த மெக்கானிக், ஓ-ரிங், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், உட்காரும் பள்ளத்தில் பழைய அரிப்பு இருக்கிறது, பசை பூசி மறைத்திருக்கிறார்கள் என்றார். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் நூல் நூலாக ஃபங்கஸ். எதிர்வெயிலில் நிற்கிற மானை எடுத்தால் பால் ஊற்றியது போல வெளிறிப்போகிறது.

விற்றவர், "ஓ-ரிங்கில் முடி சிக்கியிருக்கும், நீங்கள் சரியாக மூடவில்லை" என்றார். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். தளத்துக்கு எழுதினால் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள் வந்து முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். ஒருவர், புகாருக்கான 48 மணி நேரம் முடிந்துவிட்டது என்றார். இன்னொருவர், தண்ணீரில் பயன்படுத்திய பொருளுக்குத் தளத்தின் பாதுகாப்புத் திட்டம் செல்லாது என்றார். நீருக்கடி ஹவுசிங்கைத் தண்ணீரில் பயன்படுத்தாமல் வேறு எங்கே பயன்படுத்துவது?

அந்த இரண்டு படங்களையும் நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். மாண்டாவின் வயிற்றுப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் ஒவ்வொரு மாண்டாவையும் அடையாளம் காண்கிறார்கள். இவர் அனுப்பியதில் இருப்பவை இரண்டு வேறு மாண்டாக்கள். படத்தை வைத்து இணையத்தில் தேடினால், ஒன்று வேறு யாரோ எப்போதோ போட்ட பழைய படம்.

விரிவாக எழுத இப்போது முடியவில்லை. ஹவுசிங் கைக்கு வந்ததும் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பரும் மூழ்குகிற அளவு எடையும் வைத்து முதலில் இறக்கிப் பாருங்கள். பணம் கட்டும் முன் வாக்குவம் சோதனையை (ஹவுசிங்குக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சிக் கசிவு பார்ப்பது) வீடியோ அழைப்பில் செய்துகாட்டச் சொல்லுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அனுப்புகிற படத்தின் அசல் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மாற்றாத கோப்பை, கேளுங்கள். பாதுகாப்புத் திட்டத்தின் பொடி எழுத்தையும் படியுங்கள்.

"ஒரே மாண்டா" என்று இரண்டு படம் உங்களுக்கும் வந்திருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். ஒன்றே முக்கால் லட்சம், நான் விடப்போவதில்லை.