பிரைவசி கிளாஸ்: 8 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 8 மாதங்களுக்கு முன் 400 ரூபாய் கொடுத்து என் கைப்பேசியில் ஒட்டிக்கொண்ட, பக்கத்தில் இருப்பவருக்குத் திரை தெரியாமல் மறைக்கும் பிரைவசி கிளாஸைப் பற்றி எழுதுகிறேன். சொன்ன வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்துப் பழகிய வீட்டில், அதை ஒட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதனாலேயே இந்த மதிப்புரை சற்று நீளுகிறது.

வாங்கக் காரணம் மெட்ரோ. அல்சூரில் ஏறி, ஊதா வழித்தடத்தில் பட்டந்தூர் அக்ரஹாரா வரை தினமும் போய் வருகிறேன். மனிதவளப் பிரிவில் வேலை என்பதால் ஊழியர்களின் சம்பள விவரம், ராஜினாமாக் கடிதம், சில சமயம் வெளியே சொல்லக் கூடாத புகார் என எல்லாமே பயணத்தின்போதே என் திரைக்கு வந்து சேரும். ஒருநாள் பக்கத்து இருக்கையில் இருந்தவர், என் திரையில் தெரிந்த ஒரு பெயரை உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரச் சனிக்கிழமையே கடைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கண்ணாடிக்குள் மிக நுண்ணிய கறுப்புத் தடுப்புகள் நெட்டுக்குத்தாக, நெருக்கமாக வரிசையில் நிற்கின்றன. நேராகப் பார்ப்பவருக்கு அவற்றின் இடைவெளி வழியே வெளிச்சம் வந்துவிடுகிறது. பக்கவாட்டில் ஏறக்குறைய 30 பாகை விலகினால் திரை மங்கி, இன்னும் விலகினால் முழுக்கக் கறுத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இனி எதுவும் தெரியாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் நின்று தோளுக்கு மேலாகப் பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும், கூட்ட நேரத்து மெட்ரோவில் இது பெரிய ஓட்டைதான். மேலும் கீழும் சேர்த்து மறைக்கும் நான்கு பக்கக் கண்ணாடியும் கடையில் இருந்தது. அதில் திரை இன்னும் இருட்டாகத் தெரிந்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இடமும் வலமும் மட்டும் மறைக்கும், நான் வாங்கிய இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வெளிச்சம் குறையத்தான் செய்கிறது. வெயிலில் பிரகாசத்தை முழுதாகக் கூட்ட வேண்டியிருப்பதால் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துபோகிறது. கைரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கும் கைப்பேசி என்றால், ஒட்டியதும் கைரேகையைப் புதிதாகப் பதிய வேண்டும். பணம் போய்விட்டதை ஆட்டோக்காரரிடம் காட்டுவதற்குக் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான்.

பொறுக்க முடியாமல் போனது வீட்டில் நடந்தது. கண்ணாடி ஒட்டிய மூன்றாம் நாள் இரவு, பத்தரை மணி இருக்கும். என் நெருங்கிய தோழி, தன் திருமணம் முறியும் நிலையில் இருப்பதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தாள். நான் படித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார். எட்டு வருடமாக அவருக்கு அது பழக்கம். சமையல் குறிப்போ, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படமோ, எதுவானாலும் இருவரும் சேர்ந்தேதான் பார்ப்போம். அன்று அவருக்குத் தெரிந்தது வெறும் கறுப்புத் திரை.

"போன் ஆஃப் ஆயிடுச்சா?" என்றார்.

"இல்லைங்க, புதுசா கிளாஸ் மாத்தியிருக்கேன். பக்கத்துல இருந்து பார்த்தா தெரியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பக்கத்துல நான்தானே இருக்கேன்" என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம் வீடு வீடாக இல்லை. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் அவர் கவனித்தார். அவர் கவனிப்பதைப் பார்த்து நான் அதைச் சமையலறைக்கும் எடுத்துப் போகத் தொடங்கினேன். "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல என்ன பிரைவசி? அப்படின்னா பாஸ்வேர்டைக் கொடு" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். நான் கொடுக்கவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களைக் கணவர் சாட்சியமாகக் கொடுத்தபோது, 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வழக்காடுவதுபோல ஆகிவிட்டதே தவிர அவர் மனம் ஆறவில்லை. உண்மையில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு: என் கைப்பேசியில் இருப்பதில் பாதி என்னுடையதே அல்ல. தோழி தன் கணவரைப் பற்றி எழுதியது அவளுடையது, என் அலுவலகத்தில் ஒரு பெண் அழுதபடி அனுப்பிய புகார் அவளுடையது. என்னை நம்பி அனுப்பியதை இன்னொருவர் கண்ணுக்குக் காட்ட எனக்கு உரிமை கிடையாது, அந்த இன்னொருவர் என் கணவராகவே இருந்தாலும்.

இதற்கிடையில் நான் வாட்ஸ்அப் அமைப்புகளைத் துழாவினேன். அதில் கைப்பேசி தவிர இன்னும் 4 கருவிகளை இணைக்க முடியும், நம் செய்திகள் அவற்றிலும் தெரியும். யாராவது இரண்டு நிமிடம் நம் கைப்பேசியைக் கையில் எடுத்துத் தன் மடிக்கணினித் திரையில் உள்ள கியூஆர் குறியீட்டுக்கு நேராகக் காட்டி இணைத்துவிட்டால், பிறகு நாம் எத்தனை கண்ணாடி ஒட்டினாலும் பயனில்லை. இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். எனக்குப் பழக்கமில்லாத ஒரு பிரவுசரின் பெயர் அங்கே இருந்தது. அது என் கணவருடைய அலுவலக மடிக்கணினி. அன்று பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மாலையில் அந்தப் பட்டியலை மறுபடி நிதானமாகப் பார்த்தபோதுதான், பெயருக்குக் கீழே இருந்த கடைசிப் பயன்பாட்டுத் தேதி கண்ணில் பட்டது. அம்மாவின் ரயில் டிக்கெட்டை அச்செடுப்பதற்காக நானே அவர் மடிக்கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்த நாள் அது. வெளியேற மறந்தவள் நான். அதன் பிறகு சண்டை நடந்த அத்தனை நாளும், என்னிடம் பாஸ்வேர்டு கேட்ட அந்த நாளிலும்கூட, அவர் அதைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து அந்தத் தேதியைக் காட்டினேன். "காலையிலேர்ந்து உங்களைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்" என்றேன். தோழியின் பெயரைச் சொல்லாமல், யாரோ நம்பிச் சொன்ன ஒரு விஷயம் அந்த இரவு திரையில் இருந்தது என்பதையும் சொன்னேன். "அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா போதுமே" என்றார். பாஸ்வேர்டைப் பற்றி அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

இப்போது கண்ணாடியின் ஒரு மூலையில் சிறு கீறல் விட்டிருக்கிறது, அடுத்த மாதம் மாற்ற வேண்டும். பெரிய அளவில் மறைவு வேண்டுபவர்கள் நான்கு பக்கக் கண்ணாடியை வாங்கலாம். நான் மறுபடியும் இரண்டு பக்கமே வாங்குவேன். தடுப்புகள் நெட்டுக்குத்தாக இருப்பதால் கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பினால் அவை படுக்கையாகிவிடுகின்றன, பக்கத்தில் இருப்பவருக்கும் திரை தெரிகிறது. இரவில் நாங்கள் படம் பார்ப்பது அப்படித்தான்.