மந்திரம் ஒன்று, பெயர் நாலு: எந்தப் பட்டியலை வைத்துக்கொள்வது?

பாளையங்கோட்டையில் நாங்கள் ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக விளையாடுவது, ஆடுகிற மேஜையில் மூன்று வகை விதிப்புத்தகம் புரளும். பாதிப் பேர் ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மீதிப் பேர் பாத்ஃபைண்டர், நடுவில் ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸை விடாமல் பிடித்துக்கொண்டு ஒருவர். ஆடுவதற்கு வாங்குகிற சாகசக் கதைகளோ ஓப்பன் லைசென்ஸில் ஆளாளுக்குப் போட்டவை, அதனால் ஒரே மந்திரத்துக்குப் புத்தகத்துக்கு ஒரு பெயர். கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் பிடிஎஃபைப் பார்த்து "கேரியால்" என்று வாசிப்பார், "ஏல, கேரியால்னா என்னல?" என்று ஒரு குரல் வரும், அது நம்ம ஃப்ளோட்டிங் டிஸ்க்தான் என்று தெளிவதற்குள் காட்சியே ஆறிப்போகும். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர்ப்பட்டியல், அதன்படி மந்திரக் கார்டு என்று முடிவானது. நாங்கள் எடுத்தது எஸ்ஆர்டி 5.1 பெயர்கள், அதாவது ஐந்தாம் பதிப்பு விதிகளை மற்றவர்களும் எடுத்தாள வெளியிட்ட ஆவணத்தில் இருப்பவை. அந்தப் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குழப்பம் பழசு. 2000-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் ஓஜிஎல் என்ற திறந்த உரிமத்தில் விதிகளைத் திறந்துவிட்டபோது மந்திரவாதிகளின் பெயர்களை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பிக்பி, மார்டன்கைனன் எல்லாம் அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் காலத்து மேஜையிலிருந்து வந்த பாத்திரங்கள். அதனால் புத்தகத்தில் டென்சர்ஸ் ஃப்ளோட்டிங் டிஸ்க், எஸ்ஆர்டியில் வெறும் ஃப்ளோட்டிங் டிஸ்க். நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று வீட்டில் வேறு பெயரில் கூப்பிடுவார்களே, கிட்டத்தட்ட அதே கதை: ரேஷன் கார்டில் சுடலைமுத்து, வீட்டில் ராசா. வீட்டு மேஜையில் பிக்பி என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, விற்கிற பிடிஎஃபில்தான் போட முடியாது.

சொந்தமாகப் பெயர் வைத்துக்கொள்ளலாமே என்பது முதல் யோசனை. ஆசையான யோசனைதான். ஆனால் தூத்துக்குடியிலிருந்து ஒருநாள் ஆட வருகிற நண்பருக்குக் கார்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உரை சொல்ல வேண்டும். அதோடு அது முடிந்தது.

நிஜமான போட்டி பாத்ஃபைண்டரின் திருத்திய பதிப்பான ரீமாஸ்டர் பெயர்களோடுதான். 2023 ஜனவரியில் ஓஜிஎல்லை மாற்றப்போகிறார்கள் என்று வரைவு கசிந்து ரகளையானது. விசர்ட்ஸ் பின்வாங்கி அந்த மாதக் கடைசியிலேயே எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் விட்டது. பாத்ஃபைண்டரை வெளியிடும் பெய்சோ அதற்காகக் காத்திருக்கவில்லை, ஓஆர்சி என்று தனி உரிமத்துக்குப் போய், நவம்பரில் வந்த பிளேயர் கோர் விதிப்புத்தகத்தில் மந்திரப் பெயர்களை வரிசையாக மாற்றிவிட்டது. மேஜிக் மிசைல் ஃபோர்ஸ் பராஜ் ஆனது, மேஜ் ஆர்மர் மிஸ்டிக் ஆர்மர், ஃபெதர் ஃபால் ஜென்டில் லேண்டிங், டைமென்ஷன் டோர் டிரான்ஸ்லொகேட். பெயர்கள் நன்றாகவே இருக்கின்றன, ஷாக்கிங் கிராஸ்ப் இருந்த இடத்தில் தண்டர்ஸ்ட்ரைக் என்று சொன்னால் மேஜையில் ஒரு கெத்து வரத்தான் செய்கிறது. பாத்ஃபைண்டர் மட்டும் ஆடுகிற குழுவுக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் பழைய மந்திரத்தையும் புதியதையும் இணைத்தே வைத்திருக்கிறார்கள், தேடுகிற வேலை மிச்சம்.

எங்களைப் போலக் கலந்து ஆடுகிறவர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. ஒவ்வொரு புதுப் புத்தகம் வரும்போதும் எத்தனை கார்டைத் திருத்தி, திரும்ப அடித்து, லேமினேஷன் போட வேண்டியிருக்கும்? முருகன்குறிச்சிப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் பரீட்சை சமயத்தில் போய் நின்றால் தெரியும், மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் நம் கார்டுகளை வெட்டிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். எஸ்ஆர்டி 5.1-ல் 300-க்கு மேல் மந்திரங்கள். அந்த ஆவணம் உறைந்துபோனது, கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஐந்தாம் பதிப்பை ஒட்டி வருகிற மற்ற பதிப்பாளர்களும், கோபோல்டு பிரஸ்ஸின் டேல்ஸ் ஆஃப் த வேலியன்ட் உட்பட, பெரும்பாலும் அந்தப் பெயர்களையே பிடித்துக்கொள்கிறார்கள். ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸிலும் ஃப்ளோட்டிங் டிஸ்க்தான், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம். ஆக, ஒரு கார்டு, மூன்று புத்தகக் குடும்பம்.

இன்னொரு வசதி, பட்டியலைப் பார்க்காமலே பெயரை ஊகிக்கலாம். மந்திரவாதி பெயரை வெட்டினால் போதும்: மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ ஆசிட் ஆரோவாகும், லியோமண்ட்ஸ் டைனி ஹட் டைனி ஹட்டாகும். வெட்டினால் மொட்டையாகிவிடும் சிலவற்றுக்குத்தான் மாற்று. பிக்பிஸ் ஹேண்ட் ஆர்க்கேன் ஹேண்ட் ஆனது, மார்டன்கைனன்ஸ் ஸோர்டு ஆர்க்கேன் ஸோர்டு, நிஸ்டல்ஸ் மேஜிக் ஆராவுக்கு ஆர்க்கானிஸ்ட்ஸ் மேஜிக் ஆரா. இதே வாள் பழைய 3.5 பதிப்பின் எஸ்ஆர்டியில் மேஜஸ் ஸோர்டு, அதனால் அந்தக் காலத்துப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் தடுக்கும்.

பெயர்ப்பட்டியல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பெயர் மாறிய எல்லா மந்திரமும் உள்ளே அதே மந்திரம் இல்லை. ஜென்டில் லேண்டிங்கை ஃபெதர் ஃபால் என்று வைத்து ஓட்டலாம். ஆசிட் ஆரோவுக்குப் பதில் வந்த ஆசிட் கிரிப் எதிரியை இடம் நகர்த்துகிறது, அதை வெறும் பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொண்டால் நடுச்சண்டையில் வாக்குவாதம்தான். மேஜிக் மிசைல் ஐந்தாம் பதிப்பில் முதல் நிலையிலேயே மூன்று அம்பு விடும். ஃபோர்ஸ் பராஜில் ஒன்றிலிருந்து மூன்று ஆக்ஷன் வரை செலவழிக்கலாம், அதற்கேற்பத்தான் எண்ணிக்கை. அதனால் எங்கள் பட்டியலில் 'பெயர் மட்டும்', 'விதியும் மாறியது' என்று தனிப் பத்தி ஒன்று இருக்கிறது. எந்தப் பெயர்ப்பட்டியலை எடுத்தாலும் அந்தப் பத்தி வேண்டும்.

இதைவிட மோசம், பெயர் அப்படியே இருந்து உள்ளடக்கம் மாறுவது. சில் டச் 5.1-ல் 120 அடி தூரத்திலிருந்து போடலாம், 2025-ல் வந்த எஸ்ஆர்டி 5.2-ல் தொட்டால்தான் உண்டு. பெயரைத் தரப்படுத்தி இதைச் சரிசெய்ய முடியாது, கார்டின் மூலையில் பதிப்பு எண்ணைப் போட்டே ஆக வேண்டும்.

நாங்கள் எதையும் விற்பனைக்குப் போடவில்லை, இதெல்லாம் மேஜை அனுபவம். விற்கிற எண்ணம் இருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: கிரியேட்டிவ் காமன்ஸில் மூலத்தைக் குறிப்பிடும் வாசகம் கட்டாயம், ஓஆர்சியில் அதன் விதிகளை எடுத்து நீங்கள் செய்கிற விதி மாற்றங்களும் அதே உரிமத்தில் அடுத்தவருக்குத் திறந்துவிடப்படும். இரண்டையும் ஒரே பிடிஎஃபில் கலப்பதற்குமுன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

5.2 வந்தபோது ஃபீபிள்மைண்ட் பெயர் பிஃபடில்மென்ட் ஆகி, சேதமும் 4டி6-லிருந்து (நாலு ஆறுமுகப் பகடை) 10டி12-க்கு (பத்துப் பன்னிரண்டுமுகப் பகடை) எகிறியது. தலைப்பைத் தொடவில்லை, கார்டின் பின்பக்கம் புதுப் பெயர், புதுச் சேதம், 5.2 என்று ஒரு வரி மார்க்கரால் எழுதிவிட்டோம். ஜெராக்ஸ் கடைக்குப் போகவில்லை.