மணல் பைக் சவாரி: வண்டிக்கு நாலு ஸ்டார், தடத்துக்கு ஒன்று

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஹெல்மெட் சுத்தமாக இருந்தது, ஓட்டக் கற்றுக்கொடுத்த பையன் பொறுமைசாலி. என் புகார் அவர்கள் கூட்டிப்போகும் தடத்தைப் பற்றித்தான்.

அலை எட்டாத உலர்ந்த மேல் மணலில்தான் முழுச் சவாரியும். உப்புக்கொத்திகள் என்ற சின்னக் கரைப்பறவைகள் முட்டையிடும் இடமே அதுதான். கூடு என்று பெரிதாக எதுவும் இருக்காது. மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். நின்று குனிந்து பார்த்தாலே கண்ணுக்குச் சிக்காது, வண்டியில் போகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? பேய் நண்டுகளின் வளைகளும் அங்கேதான். பகலில் உள்ளே பதுங்கியிருப்பவை, வளை ஆழமில்லாவிட்டால் மேலே டயர் ஏறும்போது நசுங்கிப்போகும்.

டயர் பதித்த பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன், கணுக்கால் வரை ஆழம். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்குப் போகும் ஆமைக்குஞ்சுக்கோ அது சுவர். ஏற முடியாமல் பள்ளத்தோடே நடந்து களைத்துவிடும், விடிந்தால் காக்கைக்கு இரை.

ஈர மணலில் ஓட்டலாமே என்று கேட்டேன். உப்புத்தண்ணீரில் செயின் துருப்பிடிக்குமாம். சரி, ஆனால் நீர்விளிம்பில் இரைதேடும் பறவைகளை அது விரட்டும் என்பதால் எனக்கும் அந்த யோசனை அரைமனதுதான். கூடு கட்டும் மாதங்களிலாவது சவாரியை நிறுத்தலாம். அதுவரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.