பணம் குழந்தையோடு போகட்டுமா, பள்ளிக்குப் போகட்டுமா? தருமபுரியிலிருந்து ஓர் ஒப்பீடு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். பணம் குழந்தையைப் பின்தொடரும் ஏற்பாடு இது. மற்றொன்று, அதே பணத்தை அரசுப் பள்ளிக்கே கொடுப்பது.

தருமபுரி நகரிலோ அரூரிலோ முதல் வழி உண்மையான வாய்ப்புதான். பெற்றோர் தேர்ந்தெடுக்க நான்கைந்து பள்ளிகள் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் வேன் கட்டணமும் சீருடைச் செலவும் பெரும்பாலும் கைக்காசில்தான் போகின்றன. எட்டாம் வகுப்போடு உதவியும் நின்றுவிடுகிறது.

இதே மாவட்டத்தின் சித்தேரி மலையில் நிலைமை வேறு. அங்கே பணம் பின்தொடர்ந்து செல்லப் பக்கத்தில் இன்னொரு பள்ளி இருந்தால்தானே தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமுண்டு? தலைக்கு இவ்வளவு என்று நிதி கணக்கிட்டால், முப்பது பிள்ளைகள் படிக்கும் மலைப்பள்ளி ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குக்கூடத் தாங்காது. அங்கே காலையில் தட்டில் விழும் சூடான உப்புமாவும், மதியம் கிடைக்கும் முட்டையும், வகுப்பில் தவறாமல் நிற்கும் ஆசிரியரும்தான் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துகின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளியில் படித்தவர்களையே முதன்மையாகக் கருதி வந்தவை என்பதையும் பெற்றோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

நகரத்துக்கு 25 சதவீத இடஒதுக்கீடு தொடரட்டும். மலைக்கிராமங்களுக்குத் தலைக்கணக்கு பார்க்காமல், பள்ளிக்கே நேரடியாக நிதி தருவதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.