பி5 ஜேஎஸ்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

நிரல் எழுதி அசையும் படம், தொட்டால் மாறும் படம் செய்யக் கற்றுக்கொள்ள எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களிடம் இன்னமும் பி5 ஜேஎஸ் (p5.js) என்ற இந்த நிரல் கருவியைத்தான் சொல்கிறேன். கூடவே சில எச்சரிக்கைகளும் சொல்கிறேன், முக்கியமாகத் தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு. நான் அச்சு வடிவமைப்பிலிருந்து வந்தவன். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் தெரியும். நிரல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இதன் வேர் 2001இல் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஜான் மைடாவிடம் படித்த பென் ஃப்ரை, கேசி ரியாஸ் இருவரும் கலைஞர்களுக்காக ஜாவா என்ற நிரல் மொழியின் மேல் ப்ராசசிங் என்ற கருவியை உருவாக்கினார்கள். அதில் எழுதும் நிரலுக்கு ‘ஸ்கெட்ச்’ என்றே பெயர். 2013இல் லாரன் லீ மெக்கார்த்தி அதே எண்ணத்தை, வலைப்பக்கங்களின் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில், உலாவிக்குள் ஓடும்படி பி5 ஆகத் தொடங்கினார். எதையும் நிறுவ வேண்டாம். பி5இன் இணையதளத்திலேயே இருக்கும் வெப் எடிட்டரைத் திறந்து நாலு வரி எழுதினால் வட்டம் வந்துவிடும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆரம்பத்தில் சில விஷயங்கள் உறுத்தும். பள்ளி வரைபடத்தாளில் ஒய் அச்சு மேலே ஏறும், இங்கே கீழே இறங்கும். கோணங்கள் ரேடியன் என்ற அளவில் இருக்கும், நமக்குப் பழகிய பாகைக்கு மாற்ற ஒரு வரி தனியாக எழுத வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

என்னைப் பிடித்து இழுத்தது ஜார்ஜ் நீஸ் 1968இல் கணினியால் வரைந்த ‘ஷாட்டர்’. வரிசைக்கு 12 சதுரம், மொத்தம் 22 வரிசை. மேலே ஒழுங்காக நிற்கிற சதுரங்கள், கீழே போகப் போகச் சாய்ந்து சரிந்து சிதறும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை), வரிசை எண்ணோடு பெருக்கிய ஒரு ரேண்டம் (ஏதோ ஒரு எண்ணைத் தரும் கட்டளை), அவ்வளவுதான் நிரல். இல்லஸ்ட்ரேட்டரில் இதைக் கையால் அடுக்கினால் அரை நாள் போகும். “இன்னும் கொஞ்சம் கலைந்திருக்கட்டும்” என்று யாராவது சொன்னால் இன்னொரு அரை நாள். இங்கே ஒரு எண்ணை மாற்றினால் போதும், அந்த எண்ணைச் சுட்டியின் நகர்வோடு இணைத்தால் பார்ப்பவரே கலைத்துக்கொள்ளலாம். யாராவது கற்றுக்கொள்ள வந்தால் முதலில் இதைத்தான் செய்ய வைக்கிறேன்.

அடுத்தது நாய்ஸ் என்ற கட்டளை. ரேண்டம் ஒவ்வொரு முறையும் சம்பந்தமே இல்லாத எண்ணைத் தரும். கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய நாய்ஸ், பக்கத்துப் பக்கத்து எண்களை ஒட்டி ஒட்டித் தரும். மேகம், புகை, தண்ணீர் எல்லாம் இதிலிருந்து பிறக்கும். இதற்காகவே 1997இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் இதில் ஒரு சலிப்பும் உண்டு. எல்லோரும் நாய்ஸை வைத்து ஆயிரம் துகள்களை நெளிந்து ஓட விடுகிறார்கள், யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. அழகு வெகு சுலபமாகக் கிடைப்பதுதான் இந்தக் கருவியின் பெரிய பொறி.

அதிலிருந்து என்னை வெளியே இழுத்தது கோலம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சிக்குக் கோலத்தை நிரலாக்கும் வழி எளிது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம், அல்லது முட்டித் திரும்பலாம். ஒவ்வொரு இடைவெளிக்கும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கோலம் தயார். எல்லா இடத்திலும் கடக்க விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். நேர்ப்புள்ளியில் 3க்கு 4 வைத்தால் முழுக் கோலமும் ஒரே கோடு. 4க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனிக் கோடுகள். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கோடு. பள்ளியில் மனப்பாடம் செய்த கணக்கு இப்படிக் கண்முன் சுற்றி வரும் என்று யார் நினைத்தார்கள்!

சரி, இப்போது தமிழ் எழுத்து. பி5இன் பதிப்பு 1இல், லோட்ஃபான்ட் என்ற கட்டளை வழியாக எழுத்துருக் கோப்பை ஏற்றித் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘கெ’யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘மு’ சேராமல் உடையும். ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனி வடிவமாக எடுத்து வரிசையாக வைப்பதுதான் காரணம். எழுத்துகளைச் சேர்த்து உருமாற்றும் வேலை அங்கே நடப்பதில்லை. இதற்கு வழி, எழுத்துருவை, வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அறிவித்துவிட்டு, டெக்ஸ்ட்ஃபான்ட் என்ற கட்டளையில் பெயரை மட்டும் தருவது. அப்போது உலாவியே எழுத்தை வரையும், எல்லாம் சரியாக வரும். முப்பரிமாணத்துக்கான வெப்ஜிஎல்லில் இந்த வழியும் அடைபடும், அங்கே ஏற்றிய எழுத்துரு கட்டாயம். அதற்கு நான் தனியாக ஒரு இருபரிமாணப் பரப்பில் தமிழை எழுதி, அதைப் படமாக எடுத்து முப்பரிமாணத்தில் ஒட்டுகிறேன்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பறக்கவிட ஆசைப்பட்டால் இன்னொரு சிக்கல். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து, இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணும். சும்மா வெட்டினால் புள்ளி தனியாகப் பறக்கும். உலாவியிலேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி சரியாகப் பிரித்துத் தரும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அது உடைத்துவிடும், அவற்றை ஒட்ட நாமே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அரங்கத்தில் வைக்கும்போது வேறு தொல்லைகள். வீட்டில் ஓடிய கேமரா, சாதாரண எச்டிடிபி முகவரியில் திறக்காது. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும், அல்லது இணையத்தில் ஏற்றாமல் அதே கணினியில் லோக்கல்ஹோஸ்டாக ஓட வேண்டும். யாராவது ஒருமுறை சொடுக்கும்வரை ஒலி வராது. நல்ல திரைகளில் பிக்சல் அடர்த்தி இரண்டாக இருந்தால் வேலை நான்கு மடங்காகும், அதனால் அடர்த்தியை ஒன்று என்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. கேமராப் படத்தை அலசும் எம்எல்5 என்ற துணை நிரலைச் சேர்த்தால் கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும், விரலை நீட்டினால் கோலம் வளரும், பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். ஆனால் ப்ரொஜெக்டருக்காக விளக்கை அணைத்தால் கேமராவுக்குக் கை தெரியாது. ஒரு கல்லூரி விழாவில் அகச்சிவப்பு விளக்கு கேட்டேன், கடைசிவரை வரவில்லை. மேசை விளக்கொன்றைத் தரையில் வைத்துச் சமாளித்தோம்.

பெரிய சுவருக்கு, நாள் முழுக்க ஓட வேண்டிய வேலைக்கு, பி5 தோதுப்படாது. அதற்கு டச்டிசைனர் என்ற மென்பொருள் இருக்கிறது, அதன் இலவசப் பதிப்பு 1280க்கு 1280 பிக்சலோடு நின்றுவிடும். ஓபன்ஃப்ரேம்வொர்க்ஸ் என்ற கருவி வேகமானது, ஆனால் சி++ நிரல் மொழி தெரிய வேண்டும். நான் இப்போதும் யோசிப்பதை பி5இல் வரைந்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் அங்கே போகிறேன்.

2025இல் பி5இன் பதிப்பு 2 வந்தது. படங்களை முன்கூட்டியே ஏற்றும் ப்ரீலோட் போய்விட்டது, இப்போது ஏறி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட்டு ஏற்ற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பல அதில் அப்படியே ஓடாது. புதிதாக வருபவர்கள், பார்க்கிற பாடம் எந்தப் பதிப்புக்கானது என்று கவனித்து, எடிட்டரில் அதே பதிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முடித்துக் கொடுத்த வேலைகளை நான் பதிப்பு 1இலேயே, பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, மாறாதபடி பூட்டி வைத்திருக்கிறேன், புதிதாக எழுதுவதை மட்டும் 2இல் எழுதுகிறேன்.