அடாட் டேப் கருவியா, கணினியா: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மூடப்படவிருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அலெசிஸ் நிறுவனத்தின், டேப்பில் டிஜிட்டலாக ஒலியைப் பதியும் பழைய அடாட் கருவி ஒன்றை மூன்று மாதங்களுக்கு முன் வாங்கி வந்தேன். என் மாமா பாடிவந்த பஜனைக் குழு 1990களின் பிற்பாதியில் பதிவுசெய்த ஒன்பது அடாட் கேசட்டுகள் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது ஒரு காரணம். கணினித் திரையில் ஓடும் அலைவடிவங்களைப் பார்த்தபடியே பதிவுசெய்து அலுத்துப்போனது இன்னொரு காரணம். மைக்குகளைக் கணினியோடு இணைக்கும், எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸும் மடிக்கணினியும் ஏற்கெனவே இருந்ததால், இரண்டு முறைகளையும் அதே அறையில், அதே மைக்குகளோடு, அதே மிருதங்கத்தை வைத்துச் சோதிக்க முடிந்தது.

இந்தக் கருவியை அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. 1991 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் அறிமுகமாகி, 1992இல் விற்பனைக்கு வந்த அடாட்டின் அன்றைய விலை 3,995 டாலர். அதுவரை பெரிய கூடங்களால் மட்டுமே வாங்க முடிந்த பல ட்ராக் (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதியும்) டிஜிட்டல் ஒலிப்பதிவை வீட்டு அறைக்குக் கொண்டுவந்தது இதுதான். வீட்டு வீடியோவுக்கென்று உருவான எஸ்-விஎச்எஸ் கேசட்டையே இதுவும் பயன்படுத்துகிறது; ஆனால் டேப்பை மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டுவதால், 120 நிமிட வீடியோ கேசட்டில் ஏறத்தாழ 40 நிமிடம்தான் பதிவு கிடைக்கும். அதற்குள் 8 ட்ராக்குகள், 16 பிட். கூடுதல் ட்ராக் வேண்டுமென்றால் இன்னொரு கருவியை இணைக்க வேண்டும். இப்படி 16 கருவிகள் வரை சேர்த்து 128 ட்ராக்குகளை எட்டலாம். 1993இல் வந்த டாஸ்காமின் டிஏ-88, சிறிய ஹை-8 கேசட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பதிவுசெய்தது. திரைப்பட ஒலிக்கூடங்கள் பெரும்பாலும் அதன் பக்கம் சாய்ந்தன.

ஒலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் டேப் என்றதும் ‘அனலாக் இதம்’ என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அடாட்டில் அந்த இதம் கிடையாது. டேப்பில் பதிவது வெறும் எண்கள். காந்த டேப் அந்த எண்களைச் சுமக்கும் வண்டி மட்டுமே. கேட்கும் வேறுபாடு ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லுகளையும் 16 பிட் வரம்பையும் பொறுத்தது. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் கிடைப்பது 96 டெசிபல் இடைவெளி. பாடகர் மெல்லிய ஆலாபனையில் தொடங்கி உச்ச ஸ்தாயியில் முழங்கும்போது அந்த இடைவெளிக்குள் அளவை வைக்கக் கை எப்போதும் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் மேலேயே இருக்க வேண்டும். கணினியில் 24 பிட்டில் பதியும்போது உச்ச அளவை வரம்புக்கு 12 டெசிபல் கீழே விட்டுவிட்டு நிம்மதியாகப் பாட்டைக் கேட்கலாம். தொப்பியில் ஒரு அடி எதிர்பாராமல் பலமாக விழுந்தாலும் ஒலி உடையாது. மிருதங்கம் பதிவுசெய்பவருக்கு இந்த ஒரு வசதியே போதும்.

வாங்கிய பிறகுதான் உறைத்த ஒன்றும் உண்டு. அடாட்டில் மைக்கை நேரடியாகச் செருக முடியாது. அதற்கு முன்னால் ஒரு மிக்சர், அதுவும் ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி வெளியீடு உள்ள மிக்சர் வேண்டும். பதிந்த எட்டையும் திரும்பக் கேட்கவும் அதே மிக்சருக்குள் எட்டு கம்பிகள் போக வேண்டும். கருவியின் விலை மலிவு என்று மகிழ்ந்தவன், கம்பிகளுக்கும் மிக்சருக்கும் அதைவிட அதிகமாகச் செலவழித்தேன்.

புதிய கேசட்டை முதலில் ஃபார்மேட் செய்தாக வேண்டும். 40 நிமிட கேசட்டுக்கு முழுதாக 40 நிமிடம் ஆகும். பதிவின்போதே அதைச் செய்ய வழி உண்டு என்றாலும், இடையில் நிறுத்த நேர்ந்தால் சிக்கல் என்பதால் முந்தின இரவே செய்து வைத்துவிடுவேன். அனுபல்லவியிலிருந்து திரும்பப் பாட வேண்டுமென்றால் டேப் பின்னோக்கிச் சுற்றும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒரு வரியை மாற்றிப் பாடிப் பதிந்தால் பழைய வரி அழிந்தே போகும், மீட்க வழியே இல்லை. விந்தை என்னவென்றால், எனக்குப் பிடித்ததும் இதுவே. கணினியில் ஒரே சரணத்தைப் பதினான்கு முறை பாடவைத்து, பிறகு எதைத் தேர்வது என்று தெரியாமல் திணறிய அதே பாடகரிடம், டேப் சுற்றும் அந்த அரை நிமிடத்தில் ஸ்ருதியைச் சரிபார்த்துக்கொண்டு மூன்றாவது முறையிலேயே நிறைவான பதிவு கிடைத்தது. ஆனால் இதற்காக ஒருவர் அடாட் வாங்க வேண்டியதில்லை. கணினியிலும் மூன்று முறைக்கு மேல் பதிவதில்லை என்று முடிவெடுத்தால் போதும். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அடாட்டின் உண்மையான பலவீனம் அதன் உடல். வீடியோ கருவியைப் போலவே சுழலும் டிரம், ரப்பர் உருளைகள், பெல்ட் என்று தேயும் பாகங்களால் ஆனது அது. விற்றவர், டிரம்மில் டேப்பைப் படிக்கும் பாகத்தைக் குறித்து, ‘ஹெட் புதுசு’ என்று சொன்னார். டிரம் ஓடிய மணிநேரக் கணக்கைக் கருவியின் முகப்பிலேயே பார்க்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் சில ஆயிரங்களைத் தாண்டியிருந்தது. ஒருமுறை பதிவின் நடுவில் மின்சாரம் போனபோது டேப் டிரம்மைச் சுற்றியபடியே நின்றுவிட்டது. கேசட் வெளியே வரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. மடிக்கணினியில் அதே மின்வெட்டை நாங்கள் கவனிக்கவே இல்லை. அலெசிஸ் 2001இல் திவாலாகிக் கைமாறிய நிறுவனம். பழைய பாகங்களுக்கு இன்னொரு செத்த கருவியைத்தான் நம்ப வேண்டும். சிறிய கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் இரண்டு ட்ராக் டாட் (DAT) கருவிகளின் நிலையும் இதுதான். சோனி அவற்றின் உற்பத்தியை 2005இல் நிறுத்திவிட்டது.

கணினியின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, பாடுவதற்கும் காதொலிப்பானில் கேட்பதற்கும் இடையிலான தாமதம். வினாடிக்கு 48,000 சாம்பிள் (48 கிலோஹெர்ட்ஸ்) என்ற வேகத்தில், ஒலியைக் கணினி சிறிது சேர்த்துவைக்கும் பஃபரை 128 சாம்பிளாக வைத்தால் அந்த ஒரு படியில் ஏற்படும் தாமதம் 2.7 மில்லிவினாடி; உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மாற்றிகளுக்குச் சிறிது என்று கூட்டினாலும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தவில்காரரின் ஒலி நம் காதை வந்தடையும் நேரத்துக்கு மேல் போகாது. இன்டர்ஃபேஸின் சொந்த டிரைவர் மென்பொருளை நிறுவாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் இதில் அவதிப்படுகிறார்கள். மென்பொருளுக்கும் பெரிய செலவில்லை: ஆடாசிட்டி இலவசம், ரீப்பரின் தள்ளுபடி உரிமம் 60 டாலர். கணினியில் எனக்கு எரிச்சல் தந்தது விசிறியின் இரைச்சலும், பதிவுக்கு முன் தலைகாட்டும் இயங்குதளப் புதுப்பிப்பு அறிவிப்பும்தான். இணையத்தைத் துண்டித்து, மடிக்கணினியை அடுத்த அறையில் வைத்தேன்.

அடாட்டில் காலத்தை வென்ற ஒரே பாகம் அதன் பின்புறமுள்ள ஒளியிழைத் துளை. ஒரே இழையில் 8 சேனல்களை 24 பிட் வரை அனுப்பும் அந்த முறை இன்றும் புதிய இன்டர்ஃபேஸ்களில் அதே பெயரில் வருகிறது. மாமாவின் கேசட்டுகளை அப்படித்தான் மீட்டேன்: இழையைச் செருகி, இன்டர்ஃபேஸ் தன் வேகத்தை அடாட்டோடு ஒத்துப்போகச் செய்ய அதன் கிளாக்கை அடாட் உள்ளீட்டுக்கு மாற்றி, கேசட்டை ஓடவிட்டால் எட்டு ட்ராக்குகளும் எண் மாறாமல் கணினிக்குள் இறங்கும். 40 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.8 ஜிகாபைட். கிளாக்கை மாற்ற மறந்தால் டிக் டிக்கென்று ஒலி வரும். முதல் நாள் அதை டேப்பின் பழுது என்று எண்ணி அரை நாள் வீணடித்தேன்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் இரண்டு உள்ளீடுள்ள ஓர் இன்டர்ஃபேஸை வாங்கி, மீதிப் பணத்தை நல்ல மைக்குக்கு வைத்துக்கொள்ளலாம். அடாட்டைக் கேசட் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கட்டும், அவர்களும் இயங்கும் கருவியை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்க முடிந்தால் அதுவே உத்தமம். வாங்குவதானால் மணிநேரக் கணக்கைப் பார்த்து, வேறொரு கருவியில் பதிந்த கேசட்டைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கவும்; தன் கேசட்டைப் பிழையின்றி ஓட்டும் கருவி, ஹெட் விலகியிருந்தால், பிறருடையதை ஓட்டாது. என் ஒன்பது கேசட்டுகளில் ஏழு முழுமையாக வந்துவிட்டன. எட்டாவதில் இடையிடையே ஒலி அறுபடுகிறது. ஒன்பதாவதில் பூஞ்சை படிந்திருப்பதால், ஹெட்டைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, அதை இன்னும் கருவிக்குள் செருகவில்லை.