சூடேறும் சைலன்சரைப் பிடிக்க இரண்டு கருவிகள்: புளூடூத் ஸ்கானரும் டெம்பரேச்சர் கன்னும்

காருக்குள் தரைவிரிப்பு கால் வைக்க முடியாமல் சுடுகிறது. பின்பக்கம் கூழ்முட்டை நாற்றம். திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் இழுவை இல்லை. இப்படி ஒரு கார் கராஜுக்குள் போனால், "கொன்வேட்டர் போயிட்டுது, மாத்துவம்" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். கொன்வேட்டர் என்பது புகைக்குழாயில் இருந்து நச்சுப் புகையைச் சுத்தமாக்கும் பெட்டி. காரணத்தைத் தேடாமல் மாற்றினால் புதிய கொன்வேட்டரும் அதே சூட்டில் வெந்துபோகும். அந்தக் காரணத்தை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்க உதவுபவை ஈஎல்எம்327 புளூடூத் ஸ்கானரும் (காரின் சொக்கற்றில் செருகினால் இஞ்சின் கணினியின் தரவைப் போனில் காட்டுவது) இன்ஃப்ராரெட் டெம்பரேச்சர் கன்னும் (தொடாமலே சூட்டை அளப்பது). ஒன்றை மட்டும் வாங்கினால் அது உங்களை ஏமாற்றும். இரண்டையும் சேர்த்து வாங்கினால் கொடுத்த காசு வீண்போகாது.

முதலில் கொன்வேட்டரின் வேலை. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதியில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டுகள் மூன்றையும் அது மாற்றிவிடும். 250 – 300 பாகை செல்சியஸில் வேலை தொடங்கும். 400 முதல் 800 வரை அதற்கு இயல்பான சூடு. எரியாத பெற்றோல் உள்ளே வந்தால் அது அங்கேயே எரிகிறது. 1000 பாகையைத் தாண்டும்போது பூச்சு செத்துவிடும். இன்னும் ஏறினால் தேன்கூடே உருகி வழியை அடைக்கும். ஆகவே தேட வேண்டியது ஒன்றுதான்: எரியாத பெற்றோல் எங்கிருந்து வருகிறது?

ஸ்கானர்

சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை போலிச் சிப் கொண்டவை. 'வி1.5' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கவேண்டாம். அசல் நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிடவே இல்லை. 'வி2.1' என்று வரும் போலிகளில் பல, சில கட்டளைகளுக்குப் பதில் தராது. ஐபோன் பாவிப்பவர்கள் வைஃபை வகையை அல்லது பிஎல்ஈ (குறைந்த மின்சக்தி) புளூடூத் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் புளூடூத் வகை அதில் இணையாது.

கோடு, அதாவது பழுதுக் குறியீட்டு எண், வாசிப்பது இதன் சின்ன உபயோகம். பெரிய உபயோகம் நேரடித் தரவு. பார்க்க வேண்டியவை: கூலன்ற் சூடு, குறுங்கால, நீண்டகால ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ என்ற இஞ்சின் கணினி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்), கொன்வேட்டருக்கு முன் உள்ள ஒட்சிசன் சென்சர், பின் உள்ள ஒட்சிசன் சென்சர். ட்ரிம் இரண்டும் சேர்ந்து கூட்டல் 10, கழித்தல் 10 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. கழித்தல் 15க்குக் கீழே போனால் இஞ்சினுக்குப் பெற்றோல் கூடிப்போகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், கூடிய பெற்றோல் அழுத்தம், திறந்தபடி சிக்கிய பேர்ஜ் வால்வு (ராங்கியின் பெற்றோல் ஆவியை இஞ்சினுக்கு விடுவது) என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கூலன்ற் 70 பாகையைத் தாண்டவே மாட்டேன் என்று நின்றால் கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றைப் பாருங்கள். இஞ்சின் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ தொடர்ந்து பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும்.

முன் சென்சர் 0.1க்கும் 0.9க்கும் இடையே வேகமாக ஏறி இறங்க, பின் சென்சர் 0.6 – 0.7 வோல்ற்றில் அசையாமல் நின்றால் கொன்வேட்டர் உயிரோடுதான் இருக்கிறது. பின்னதும் முன்னதைப்போலத் துள்ளினால்தான் சந்தேகம். ஆனால் அண்மைக்கால டொயோட்டாக்கள் பலவற்றில் முன்னால் இருப்பது வேறு வகையான எயார்-ஃபியூவல் சென்சர். அது இப்படித் துள்ளாது. அதைப் பார்த்துச் சென்சர் பழுது என்று கழற்றி எறிபவர்கள் உண்டு, கவனம்.

பி0420 என்பது கொன்வேட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் கோடு, புதிய கொன்வேட்டரை வாங்கச் சொல்லும் கட்டளை அல்ல. அதோடு பி0300 முதல் பி0304 வரை ஏதாவது இருந்தால் முதலில் மிஸ்ஃபயரை (சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் போவதை) தீர்க்க வேண்டும். பி0302 (இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர்) வந்தால் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் தீப்பொறிக் கொயில்களை இடம் மாற்றி, கோடை அழித்து ஓடிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்ற வரிசையில் போக வேண்டும். செக் இஞ்சின் லைற் அணையாமல் எரிவது வேறு, விட்டுவிட்டு மின்னுவது வேறு. மின்னினால் அந்த நேரத்திலேயே கொன்வேட்டர் வெந்துகொண்டிருக்கிறது. அக்சிலரேற்றரை விட்டு ஓரங்கட்டுங்கள்.

இங்கே ஒரு பழைய கராஜ் பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எந்தச் சிலிண்டர் என்று அறிய ஒவ்வொரு கொயிலாகக் கழற்றி இஞ்சினை ஓடவிடுவார்கள். கொயில் இல்லாத சிலிண்டரின் பெற்றோல் முழுவதும் நேரே கொன்வேட்டருக்குத்தான் போகும். அப்படிச் செய்வதென்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்ரரையும் கழற்ற வேண்டும்.

டெம்பரேச்சர் கன்

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிச்சூடு பார்க்கும் கன் இதற்கு உதவாது. அது நாற்பது பாகையைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடும். குறைந்தது 500 பாகை வரை காட்டும், 12:1 தூர விகிதம் உள்ளதாக வாங்குங்கள். 12:1 என்றால் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 5 சென்ரிமீற்றர் வட்டத்தின் சராசரியை அது எடுக்கும். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் அளப்பதாக நினைப்பது தவறு.

இந்தக் கருவியின் பெரிய குறை பளபளப்பு. மலிவான கன்கள் எமிசிவிற்றி (மேற்பரப்பு சூட்டை வெளிவிடும் திறன்) 0.95 என்றே நிலையாக வைத்திருக்கும். பளபளக்கும் ஸ்ரெயின்லெஸ் குழாயில் உண்மைச் சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டிவிடும். சூடு தாங்கும் கறுப்பு ஸ்பிரே பெயின்றால் கொன்வேட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பொட்டு வையுங்கள். ஹீற் ஷீல்டில் அளக்க வேண்டாம், குழாயிலேயே அளக்க வேண்டும்.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை போய்வந்தால் இஞ்சின் நன்றாகச் சூடேறும். திரும்பியதும் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து இரண்டு பொட்டையும் அளந்து பாருங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஐம்பது பாகை வரை கூடினால் வேலை நடக்கிறது. நூறு பாகைக்கு மேல் கூடினால் உள்ளே பெற்றோல் எரிகிறது. முன்பக்கம் கொதிக்க, பின்பக்கம் மிகக் குளிர்ந்திருந்தால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் ஏறக்குறையச் சமம் என்றால் அவசரப்பட்டுத் தீர்ப்பு வேண்டாம். சுத்தமாக எரியும் புதிய இஞ்சினில் மாற்றுவதற்கு வாயு அதிகம் இராது.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் இஞ்சின் தானே நின்றுவிடுவதால் இந்த அளவீடு சரிவராது. இன்ஸ்பெக்ஷன் மோட் என்ற பரிசோதனை நிலையில் போட்டு இஞ்சினைத் தொடர்ந்து ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்

திருகோணமலைக்கு இதுதான் முக்கியம். கடற்கரை உப்புக்காற்று புகைக்குழாயைத் தின்கிறது. வளையும் குழாயிலோ முன் சென்சருக்கு முன்னால், இஞ்சின் பக்கம் உள்ள கஸ்கற் பொருத்திலோ சின்ன ஓட்டை விழுந்தால், வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் ஒட்சிசன் கூடிவிட்டதென்று சொல்லும். ஈசியூ அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டும். ஸ்கானரில் ட்ரிம் கூட்டல் 20 என்று வரும். பார்ப்பவர் பெற்றோல் குறைவென்று முடிவுகட்டிப் பம்பை மாற்றுவார். உண்மையில் பெற்றோல் கூடிப்போகிறது. கன் பின்பக்கம் நூறு பாகை கூட என்று காட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது சாட்சி உங்கள் கைவசமே இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனைத் தாளை எறியாதீர்கள். பெற்றோல் கார் என்றால் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அதில் இருக்கும். ட்ரிம் கூட்டலாக நிற்க, தாளில் காபனோரொட்சைட்டு கூடியிருந்தால் ஓட்டையைத் தேடுங்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராற் செய்து, தடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் குனிந்து கேட்டால் 'புஸ்' சத்தம் இடத்தைக் காட்டிவிடும்.

முடியாதவை

அடைப்பை இவை இரண்டும் உறுதி செய்யாது. அதற்கு முன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, எம்18×1.5 மரையில் அழுத்தமானியைப் பூட்ட வேண்டும். ஐடிலில் 1.25 பிஎஸ்ஐ, 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்புத்தான். ஸ்கானர் காட்டும் 'கற்றலிஸ்ற் சூடு' பல கார்களில் ஈசியூ கணக்குப் போட்டுச் சொல்லும் எண், அளந்தது அல்ல. பழைய ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் சிலவற்றோடு ஸ்கானர் பேசவே பேசாது. அவற்றில் சிலவற்றின் டாஷ்போர்ட்டில் புகைக்குழாய்ச் சூட்டுக்கென்றே தனி விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் காரைக் காய்ந்த புல்லில் நிறுத்தக் கூடாது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பற்றை பிடிக்க அந்தச் சூடே போதும்.

ஸ்கானரைச் சொக்கற்றிலேயே விட்டுவைக்காதீர்கள், நாள்கணக்கில் ஓடாத காரின் பற்றரியை இறக்கிவிடும். வாங்கும்போது பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவராமல், கடை வாசலிலேயே உங்கள் காரில் செருகி, ஃபியூவல் ட்ரிமும் இரண்டு ஒட்சிசன் சென்சர்களும் திரையில் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.